அலாஸ்காவுக்கு அரசுக் கப்பலில் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் குடிவந்த பிறகு மூன்று முறை கப்பலில் அலாஸ்கா போய் வந்திருக்கிறேன். க்ரூஸ் இல்லை, அலாஸ்கா மாநில அரசு ஓட்டும் பயணிகள் கப்பல். கோடை விடுமுறை நெருங்கினால் போதும், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வரப்போகிறவர்கள் என்று யாராவது கூப்பிட்டு அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"கப்பல்ல அலாஸ்கான்னா க்ரூஸ்தானே? அதுக்கு ஏன் வேற பேர் சொல்றீங்க?"

க்ரூஸ் இல்லை, பஸ். தண்ணீரில் ஓடும் அரசு பஸ். இதை மனதில் பதித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நடுநடுவே தீவுகள், பனியாறுகள். ஊருக்கு ஊர் ரோடு போட இடமே இல்லை. தலைநகரமான ஜூனோவுக்குக்கூட வெளியிலிருந்து ரோடு கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். அலாஸ்கா 1959-ல் மாநிலமானது. நான்கு வருடம் கழித்து, 1963-ல், மலஸ்பினா, டாக்கு, மடனுஸ்கா என்று மூன்று கப்பல்களோடு இந்தச் சேவை ஓட ஆரம்பித்தது. மூன்றுமே பனியாறுகளின் பெயர்கள். பின்னால் வந்த கப்பல்களுக்கும் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். சேவையின் பெயர் 'அலாஸ்கா மரைன் ஹைவே'. ஹைவே என்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அமெரிக்காவின் மிக அழகான சாலைகளுக்கு மத்திய அரசு தரும் 'ஆல் அமெரிக்கன் ரோடு' என்ற தகுதி 2005-ல் இந்தக் கடல்வழிக்குக் கிடைத்தது. மொத்த நீளம் சுமார் 3,500 மைல்.

முதல் பயணத்தில் கார் டெக்கில், அதாவது கார்களை ஏற்றி நிறுத்தும் தளத்தில், எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதன் முதுகில் ஒரு வாஷிங் மெஷின், நாய்த்தீனி மூட்டைகள், பிளாஸ்டிக் சுற்றிய ஒரு வாசற்கதவு. ஊரில் கடை இல்லாதவர் வருடச் சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மேலே லவுஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் அணி அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு, நடனம், நீச்சல்குளம், சூதாட்டம் எதுவும் கிடையாது.

"எங்க ஏறணும்? எவ்வளவு நேரம் ஆகும்?"

சியாட்டிலுக்கு வடக்கே சுமார் 90 மைலில் பெல்லிங்ஹாம். அங்கே ஃபேர்ஹேவன் என்ற பகுதியில் கப்பல் துறை. முன்பு சியாட்டிலிலிருந்தே கிளம்பியது; 1989-ல் இங்கே மாற்றினார்கள். ஆம்ட்ராக் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் கார் இல்லாதவர்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம்.

பெல்லிங்ஹாமிலிருந்து வழக்கமாக வாரம் ஒரு கப்பல்தான், வெள்ளிக்கிழமை மாலை. கனடாவின் கரையை ஒட்டியே போய், ஏறத்தாழ 38 மணி நேரத்தில், ஞாயிறு காலை, முதல் அலாஸ்கா ஊரான கெச்சிக்கன் வரும். பிறகு ராங்கெல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ, ஹெயின்ஸ், ஸ்காக்வே. கடைசி ஊருக்குப் போய்ச் சேரத் திங்கள் ஆகிவிடும். அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால்; கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள்.

"மூணு ராத்திரி எங்க தூங்குறது? ரூம் கட்டாயம் எடுக்கணுமா?"

கட்டாயமில்லை. இரண்டு பேர், நான்கு பேர் படுக்கிற கேபின்கள் இருக்கின்றன. அதற்குத் தனிக் கட்டணம். எடுக்காதவர்கள் லவுஞ்சில் சாயும் நாற்காலியிலோ, அதற்குக் கீழே தரையில் படுக்கை விரித்தோ தூங்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பொதுக் குளியலறை உண்டு.

எனக்குப் பிடித்த இடம் மேல்தளத்தின் பின்பக்கம் இருக்கும் சோலாரியம். கூரையும் பக்கவாட்டுக் கண்ணாடியும் உள்ள, பின்னால் திறந்த ஒரு கொட்டகை. கூரையில் வரிசையாக ஹீட்டர்கள் செக்கச்சிவப்பாக எரியும். சாய்வு நாற்காலியை ஹீட்டருக்கு நேர் கீழே போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் நுழைந்தால், மூக்கு மட்டும் குளிரும், மற்றபடி சுகம். நல்ல இடத்துக்குப் போட்டி உண்டு. கப்பலில் கால் வைத்ததும் நேராக மேலே போங்கள்.

சிலர் திறந்த தளத்தில் கூடாரம் அடிப்பார்கள். இரும்புத் தளத்தில் முளை அடிக்க முடியாதே, டக்ட் டேப் போட்டு நாலு மூலையையும் ஒட்டுவார்கள். நான் முதல் தடவை கஞ்சத்தனமாக மூலைக்கு ஒரு துண்டு ஒட்டினேன். இரவு இரண்டு மணிக்குக் கூடாரம் என்னையும் சேர்த்துக் கிளப்பப் பார்த்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் எதுவும் பேசாமல் கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு முழு டேப் சுருளைக் கொடுத்தார்.

"டிக்கெட் எவ்வளவு? க்ரூஸைவிட சீப்பா?"

தொகை எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். விமான டிக்கெட் மாதிரி, கப்பல் நிரம்ப நிரம்ப விலை ஏறும். ஆளுக்கு ஒரு கட்டணம், காருக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு கட்டணம், கேபினுக்கு ஒன்று. கார் டிக்கெட்டில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சாப்பாடும் தனி. 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இலவசம்.

கைவீசி ஏறி லவுஞ்சில் தூங்கினால் மலிவு. காரும் கேபினும் சேர்த்தால் கணக்கு க்ரூஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சில சமயம் தாண்டியும் போகும். காசை மிச்சம் பிடிக்க மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

"எவ்வளவு முன்னாடி புக் பண்ணணும்?"

கேபினும் காரும் வேண்டுமென்றால் கோடை அட்டவணை வெளியானதுமே. முதலில் தீர்வது கேபின், அப்புறம் கார் இடம். நடந்து ஏறுபவர்களுக்கு இடம் கிடைக்காமல் போவது அபூர்வம்.

"எங்களுக்கு எச்1பிதான். கனடா விசா இல்ல. கனடா கடல் வழியா போறதால பிரச்சினை வருமா?"

பெல்லிங்ஹாமில் ஏறி அலாஸ்காவில் இறங்கினால் இது உள்நாட்டுப் பயணம். கனடா கரையை ஒட்டிப் போனாலும் அங்கே எந்தத் துறையிலும் நிற்பதில்லை. கனடா விசா தேவையில்லை. ஏறும்போது அடையாள அட்டை பார்ப்பார்கள். ஆனாலும் பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), விசா காகிதங்களைக் கையில் வைத்திருங்கள். அவசரத்துக்குக் கப்பல் எங்காவது ஒதுங்க வேண்டி வரலாம்.

கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் துறையில் ஏறலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அங்கே ஏறினால் நீங்கள் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைபவர் ஆகிவிடுவீர்கள். அந்தத் தடமும் 2019-ல் நின்றுபோய் 2022-ல்தான் மறுபடி வந்தது, எப்போதும் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடும் தடம் இல்லை. விசாவில் இன்னொரு பொறி இருக்கிறது, அது கடைசிக்கு முந்தின கேள்வியில்.

"சைவம் கிடைக்குமா? குக்கர் எடுத்துட்டு வரலாமா?"

கேன்டீனில் பர்கர், மீன், சூப், ஓட்ஸ், முட்டை, சாலட் கிடைக்கும். சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சாலடுமாக மூன்று நாள் ஓட்ட வேண்டியிருக்கும். சமைக்க இடமில்லை, அடுப்பு பற்றவைக்கக் கூடாது. குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். வெந்நீரும் மைக்ரோவேவும் உண்டு, நமக்கு அது போதாதா? ரவா உப்புமா மிக்ஸ், அவல், சப்பாத்தி, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல். ஜூனோ வரை தாங்கும்.

ஒரே எச்சரிக்கை: எல்லாவற்றையும் மேலே எடுத்துக்கொண்டு போங்கள். கப்பல் கிளம்பியதும் கார் டெக்கைப் பூட்டிவிடுவார்கள். அவ்வப்போது 'கார் டெக் கால்' என்று அறிவித்துக் கால் மணி நேரம்போல் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு முறை தயிர்சாதம் காரிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்த அறிவிப்பு வந்து போய் எடுத்தபோது அது தயிர்சாதமாக இல்லை.

"அப்பாவுக்கு 74 வயசு, சர்க்கரை இருக்கு. கூட்டிட்டு வரலாமா?"

வரலாம், ஆனால் கேபின் எடுங்கள். கழிவறையும் ஷவரும் உள்ள கேபினாகப் பார்த்து எடுங்கள். பெரிய கப்பல்களில் லிஃப்ட் உண்டு. டாக்டர் கிடையாது. மாத்திரை, இன்சுலின், மீட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கார் டெக் கதை மேலே சொன்னேன்.

என் மாமனாரை ஒரு தடவை அழைத்துப்போனேன். முதல் நாள் "என்னப்பா இது, டிவிகூட இல்லை" என்றார். இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு முன்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை.

"வாந்தி வருமா? எனக்கு ஊட்டி பஸ்லயே வரும்."

ஊட்டி பஸ்ஸைவிடப் பரவாயில்லை. இந்த வழியை 'இன்சைட் பாசேஜ்' என்கிறார்கள். வெளிக்கடலின் அலையைத் தீவுகள் தடுத்துவிடுவதால் பெரும்பாலும் ஏரி மாதிரி இருக்கும். இரண்டு இடத்தில் தீவுகள் விலகிப் பசிபிக் எட்டிப் பார்க்கும்: குயின் சார்லட் சவுண்ட், அப்புறம் கெச்சிக்கனுக்கு முன்னால் டிக்சன் என்ட்ரன்ஸ். அங்கே சில மணி நேரம் கப்பல் ஆடும். மாத்திரையை அதற்கு முன்பே போட்டுக்கொண்டு, கப்பலின் நடுப்பகுதியில் தாழ்வான தளத்தில் இருங்கள்.

"திமிங்கலம், பனியாறு எல்லாம் பாக்கலாமா? எந்தப் பக்கம் உக்காரணும்?"

திமிங்கலம் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. பீட்டர்ஸ்பர்க்குக்கு வடக்கே ஃபிரெடரிக் சவுண்டில் கோடை முழுக்க ஹம்பேக் திமிங்கலங்கள் இரை தேடும். தூரத்தில் வெள்ளையாக ஒரு மூச்சு எழும்பும், பிறகு முதுகு, அதிர்ஷ்டம் இருந்தால் வால். பஸ் டிரைவர் மயிலைப் பார்த்து நிறுத்துவாரா? இவர்களும் நிறுத்த மாட்டார்கள். பனியாற்றின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும் வேலையும் இதில் கிடையாது. அது வேண்டுமென்றால் ஊரில் இறங்கித் தனிப் படகு எடுக்க வேண்டும். ஜூனோ துறையை நெருங்கும்போது மெண்டன்ஹால் பனியாறு மலைகளுக்கு நடுவே தெரியும்.

பக்கம் எதுவும் முக்கியமில்லை, இரண்டு பக்கமும் கரைதான். தூங்காமல் பார்க்க வேண்டியது ராங்கெலுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடுவே உள்ள ராங்கெல் நேரோஸ். 22 மைல் நீளக் கால்வாய் போன்ற வழி. சில இடங்களில் அகலம் 300 அடிதான். வழி காட்ட அறுபதுக்கு மேல் விளக்குகளும் மிதவைகளும் இருக்கின்றன. பெரிய க்ரூஸ் கப்பல்கள் இதற்குள் வருவதில்லை. நான் போனது இருட்டும் நேரம். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் வளைந்து வளைந்து போக, கப்பல் வேகத்தைக் குறைத்து ஒவ்வொன்றாகத் திரும்பியது. கரையோர வீட்டில் ஒருவர் சமையலறையில் பாத்திரம் கழுவுவது தெரிந்தது. அவர் தலையைத் தூக்கவேயில்லை. அவருக்கு இது அன்றாடம் வீட்டு வாசலில் போகும் பஸ்தானே.

"கப்பல் ஏன் நடுராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் ஊருக்கு வருது? மாத்த மாட்டாங்களா?"

மாற்ற முடியாது, கடல்தான் அட்டவணை போடுகிறது. இந்தப் பக்கம் கடல்மட்டம் ஒரே நாளில் இருபது அடி வரை ஏறி இறங்கும். நேரோஸில் வற்றிய நேரத்தில் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. சிட்கா ஊருக்குப் போகும் வழியில் செர்ஜியஸ் நேரோஸ் என்று இன்னொரு இடுக்கு. அங்கே நம் மீனவர்கள் நீவாடு என்பார்களே, அந்த நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் ஓடும். அது தணிந்து திரும்பும் சிறிது நேரத்துக்குள்தான் கப்பல் கடக்க வேண்டும். அதனால் சிட்காவுக்கு ஒரு வாரம் பகலில் வரும் கப்பல், அடுத்த வாரம் விடியற்காலையில் வரும். காரோடு இறங்கும் சரிவுப்பாலம் ஒரு நேரம் தட்டையாகவும் இன்னொரு நேரம் செங்குத்தாகவும் இருப்பதும் இதனால்தான்.

"நடுவுல ஊர்ல இறங்கிச் சுத்திட்டு அடுத்த கப்பலைப் பிடிக்கலாமா?"

பிடிக்கலாம், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வொரு துண்டாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு டிக்கெட்டில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. பெல்லிங்ஹாம் கப்பல் வாரம் ஒன்று என்பதை மறக்காதீர்கள். கெச்சிக்கனுக்கு வடக்கே சின்னக் கப்பல்களும் ஓடுவதால் சேர்த்துத் திட்டம் போடலாம்.

துறை ஊருக்குள்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ராங்கெல், ஸ்காக்வேயில் இறங்கினால் ஊர். ஜூனோவில் துறை இருக்கும் ஆக் பேயிலிருந்து நகரம் சுமார் 14 மைல்; சிட்காவில் 7 மைல். இரவில் வந்தால் டாக்ஸிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ராங்கெலில் கப்பல் கொஞ்ச நேரம்தான் நிற்கும், ஆனாலும் இறங்குங்கள். துறையருகே ஊர்ப் பிள்ளைகள் மேசை போட்டுக் கருஞ்சிவப்புக் கற்கள் விற்பார்கள். கார்னெட், நம் கோமேதகத்துக்கு உறவு. பக்கத்தில் உள்ள கல்பாறையை அதன் உரிமையாளர் 1962-ல் சாரணச் சிறுவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அங்கே தோண்டி எடுத்து விற்பது பிள்ளைகளின் உரிமை. நான் வாங்கிய கல்லுக்கு எட்டு வயது வியாபாரி சில்லறை சரியாக எண்ணிக் கொடுத்தான், பேரம் மட்டும் படியவில்லை.

"எந்த மாசம் நல்லது? மழை பெய்யுமாமே?"

மே முதல் செப்டம்பர் வரை. மழை பெய்யும், சந்தேகமே வேண்டாம். கெச்சிக்கனில் வருடத்துக்கு 150 அங்குலம் அளவில் கொட்டுகிறது. சென்னையைப்போல் இரண்டரை மடங்கு. வடக்கே போகப் போகக் குறையும், ஸ்காக்வே காய்ந்த ஊர். ஜூன் மாதம் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கும், நேரோஸ் மாதிரி இடங்களைக் கண்ணால் பார்க்க அது உதவும். குளிர்காலத்தில் கப்பல்கள் குறைவு, பகலும் குறைவு.

செல்போன் சிக்னல் ஊர் வரும்போது வரும், ஊர் போனதும் போய்விடும். ஆபீஸ் வேலையை இங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள்.

"மூணு நாள்தான் லீவு. சுருக்கமா ஏதாவது வழி?"

ஜூனோவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ஹெயின்ஸ் அல்லது ஸ்காக்வே வரை மட்டும் கப்பலில் போங்கள். ஹெயின்ஸுக்கு நாலரை மணி நேரம்போல் ஆகும். கப்பல் போகும் நீர்வழிக்கு லின் கெனால் என்று பெயர் இருந்தாலும் வெட்டிய கால்வாய் இல்லை. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தது. ஆழம் 2,000 அடிக்கு மேல். வழியில் எல்ட்ரெட் ராக் என்ற குட்டிப் பாறையில் 1906-ல் கட்டிய எண்கோணக் கலங்கரை விளக்கம் தனியாக நிற்கும். 1918 அக்டோபரில் பிரின்சஸ் சோஃபியா என்ற கப்பல் இதே நீர்வழியில் பாறையில் ஏறி மூழ்கியது; ஏறியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இன்று அமைதியாகத் தெரியும் தண்ணீர்தான்.

"ஹெயின்ஸும் ஸ்காக்வேயும் பக்கத்துப் பக்கத்துலதானே மேப்ல இருக்கு? எதுல இறங்கினா என்ன?"

நான் முன்பு சொன்ன பொறி இதுதான். கடலில் இரண்டுக்கும் நடுவே 15 மைல்போல். கப்பலில் ஒரு மணி நேரம். ரோட்டில் 350 மைலுக்கு மேல், அதுவும் கனடாவுக்குள் போய்ச் சுற்றி வர வேண்டும். இரண்டு ஊர்களிலிருந்தும் வெளியே போகும் ரோடு நேராகக் கனடா எல்லையில்தான் முட்டும். "ஹெயின்ஸில் இறங்கி ஆங்கரேஜுக்கு ஓட்டிப் போயிடலாம்" என்று கணக்குப் போட்டால், வழியில் கனடாவுக்குள் நுழைந்து மறுபடி அமெரிக்காவுக்குள் வர வேண்டும். கனடா விசா வேண்டும். அமெரிக்க விசா முத்திரை தேதி முடிந்திருந்தால் கிளம்பும் முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.

கனடா வேண்டாம் என்பவர்கள் ஜூனோவிலிருந்து, அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜுக்கு விமானம் ஏறுவதே நல்லது. ஜூனோவிலிருந்து அலாஸ்கா வளைகுடாவைக் குறுக்கே கடந்து ஆங்கரேஜ் பக்கம் உள்ள விட்டியர் போகும் கப்பலும் உண்டு, ஆனால் எல்லா வருடமும் ஓடும் என்று சொல்ல முடியாது. அது திறந்த கடல். ஊட்டி பஸ் கேள்வி கேட்டவர் அதில் ஏற வேண்டாம்.

"இதுக்கும் மேல தூரமா போற கப்பல் இருக்கா?"

இருக்கிறது. டஸ்டுமெனா, 1964-ல் ஓட ஆரம்பித்த 296 அடிக் கப்பல். கோடையில் ஹோமரிலிருந்து கோடியாக் வழியாக அலூஷியன் தீவுகளின் டச் ஹார்பர் வரை போகும். ஒரு பக்கத்துக்கே மூன்று நாளுக்கு மேல். மாதத்துக்கு ஒன்றிரண்டு நடைதான். எரிமலைகள், மரமே இல்லாத பச்சை மலைகள், நூறு பேர்கூட இல்லாத ஊர்கள். அந்த ஊர்த் துறைகளில் சரிவுப்பாலம் கிடையாது. கப்பலுக்குள்ளேயே ஒரு லிஃப்ட் வைத்து, காரை ஏற்றித் திருப்பி ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கரையில் விடுவார்கள், அதனால் நாலு கார் இறங்கவே நேரம் பிடிக்கும். நான் இன்னும் போகவில்லை. மாமனார் போன வாரமும் கேட்டார்.